நான்காம் பாடலில் தாளம் இல்லை

மரத்துப் போச்சா என்று டாக்டர் கேட்டபோது எதைக் கேட்கிறார் என்று மங்கைக்கு ஒரு கணம் விளங்கவில்லை. கீழுதட்டின் இடது பாதி எங்கேயோ போய்விட்டிருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய உதட்டையோ தொட்டுவிட்டது போலக் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டினாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் விடுவோம், நல்லா ஏறட்டும். ரூட் கனால்னா எல்லாரும் பயப்படுவாங்க, ஒண்ணுமே இல்ல, ஒரு மணி நேரம். நடுவுல வலிச்சா இடது கையத் தூக்குங்க. பேச முயற்சி பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார். உதவிக்கு நிற்கும் ரெஜினா விளக்கை இழுத்து அவள் முகத்துக்கு நேராக வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால். ஆறு மணிக்குள் ப்ரெடிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆறுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பேசத்தான் வாய் இருக்காது. சனிக்கிழமை பார்த்து இந்தப் பல்லுக்கு நாள் குறித்தது அவள்தான், மூன்று வாரத்துக்கு முன்பு, ஆல்பம் வெளியாவதற்கும் முன்பு. அப்போது இந்தச் சனிக்கிழமை வெறும் சனிக்கிழமையாக இருந்தது. பேப்பர் மில்ஸ் ரோட்டில் ஏதோ ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது, மூன்று நீளம், ஒரு குட்டை. இந்தத் தொகுப்பின் ஒரே துணிச்சலான முடிவு. அந்த விமர்சன வாக்கியம் மறுபடி வந்துவிட்டது. பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அது செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கேயே இருக்கிறது. நாக்கு தானாக அங்கே போகிறது. இந்தத் தொகுப்பின் ஒரே துணிச்சலான முடிவு, நான்காம் பாடலில் தாளத்தை முற்றாகத் துறந்தது. துறந்தது என்று எழுதியிருக்கிறான் மனிதன். சாமியார் வீட்டைத் துறந்த மாதிரி.

எழுதியவர் பெயர் அரங்கநாயகம். ஓர் இணைய இதழில் பாட்டு விமர்சனம் எழுதுகிறவர், படங்களின் பாட்டைத் தொடமாட்டார், சின்னக் குழுக்களைப் பற்றி மட்டும் எழுதுவார், அவர் எழுதினால் இருநூறு பேர் புதிதாகக் கேட்பார்கள் என்று ப்ரெடி சொல்வான். பதினோரு வருஷத்தில் 'மூணாவது மாடி' என்ற குழு இருப்பதாக அவர் ஒரு தடவையும் எழுதியதில்லை. அயனாவரத்தில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஒரே ஜன்னல் இருந்த அறையில் ஆரம்பித்ததால் அந்தப் பெயர். யாமினி பாடுவாள், பாட்டும் அவள்தான் எழுதுவாள். ப்ரெடி கிடார். மங்கை டிரம்ஸ். பாஸ் வாசிக்க வந்தவர்கள் நான்கு பேரும் கல்யாணமாகியோ கனடாவுக்கோ போய்விட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு வந்தது அவர்களின் முதல் முழு ஆல்பம், ஒன்பது பாட்டு, பெயர் 'தண்ணீர் வராத நாட்கள்'. விமர்சனம் என்று பார்த்தால் நிறையவே வந்தது. ஒருவர், தமிழில் ராக் என்றால் தொண்டையைக் கிழித்துக்கொள்வது என்ற எண்ணம் இவர்களுக்கு இல்லாதது ஆறுதல் என்று எழுதினார். யூடியூபில் ஒரு பையன் ஒவ்வொரு பாட்டையும் முப்பது விநாடி ஓடவிட்டு நிறுத்தி நிறுத்தி முகத்தைச் சுளித்தான், கடைசியில் பத்துக்கு ஏழு கொடுத்தான், ஏன் ஏழு என்று சொல்லவில்லை. ஒரு செய்தித்தாளில் அரைப் பத்தி வந்தது, கீபோர்டு வாசிப்பவர் மங்கையர்க்கரசி என்று. அலுவலகத்தில், இன்சூரன்ஸ் க்ளெய்ம் பிரிவில், பக்கத்து மேஜை விஜயராகவன் அதைக் கத்தரித்து வந்து கொடுத்தார். "மேடம், கீபோர்டும் வாசிப்பீங்களா, சொல்லவே இல்லியே." படத்தில் அவள் சிம்பலுக்குப் பின்னால் ஒரு காதும் கொஞ்சம் தலைமுடியுமாக இருந்தாள். டிரம்ஸ்காரர்களுக்கு அது பழக்கம்தான். செவ்வாய்க்கிழமை வந்தது அரங்கநாயகத்தினுடையது. அதில் அவள் பெயர் சரியாக இருந்தது. தாளத்தில் உழைப்பு தெரிகிறது, கேட்கும்படியாகவும் இருக்கிறது, ஆனால்... உழைப்பு தெரிகிறது என்பதைப் போல ஒரு கெட்ட பேர் உண்டா. கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி யாராவது உழைப்பு தெரிகிறது என்று சொல்வார்களா. ஆனால் என்பதற்குப் பிறகுதான் அந்த வாக்கியம். அதற்குப் பிறகு ஒரு முழுப் பத்தி நான்காம் பாட்டைப் பற்றி. தாளம் விலகி நின்றதால் குரல் முதல்முறையாக அதன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கிறது என்று.

"வாயத் திறங்க மேடம், இன்னும், இன்னும் கொஞ்சம்." டாக்டர் வந்துவிட்டார். ரெஜினா உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டினாள், அது கொளகொளவென்று சத்தம் போட்டது. துளைக்கிற மிஷின் ஆரம்பித்தது. சத்தம் காது வழியாக வரவில்லை, தாடை எலும்பு வழியாக நேரே மண்டைக்குள் வந்தது. வலி இல்லை. வலி வரப்போகிறது என்ற எண்ணம் இருந்தது, அது வலியைவிடப் பெரிது. அவள் மேலே விளக்கைப் பார்த்தாள், விளக்கில் கண் கூசியது, கண்ணை மூடினாள், மூடியதும் யாமினியின் குரல். பாட்டில் உள்ளது இல்லை, போனில் வந்தது. செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள், எலுமிச்சை சாதம். ஆல்பத்துக்கு ஒலியைச் சீராக்கிய காஜாவிடம் பேசிவிட்டு யாமினி அழுதுகொண்டே கூப்பிட்டாள். "காஜாகிட்ட கேட்டேன்டி. நீதான் டிரம்ஸ எடுத்துட்டு அனுப்பினியாமே. எனக்காகவாடி? அம்மா பாட்டுங்கறதுக்காகவா? உன் கையையே எடுத்து வெச்சுட்டியே, மங்க. இத ஏன்டி என்கிட்ட சொல்லல?" மங்கை "ம்" என்றாள். ஒரே ஒரு ம். எலுமிச்சை சாதத்தில் கடலைப்பருப்பு ஒன்று மஞ்சளாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு சொன்ன ம். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். யாமினி எப்படி எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்தே சொன்ன ம். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். மூன்று எழுத்து. ஆனால் அழுகிறவளிடம், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் உன் குரல் எழுந்து நிற்கிறது என்று எழுதிய நாளில், இல்லடி அது தப்பு, மறதி என்று யார் சொல்வார்கள். யாராவது சொல்வார்கள். நல்லவர்கள் சொல்லியிருப்பார்கள். அன்றே சொல்லியிருந்தால் அது ஒரு வேடிக்கைக் கதை. நான்கு நாள் கழித்துச் சொன்னால் அது வேறு.

தவறு நடந்த விதத்தை அவள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டாள். அவர்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்று இருந்தது. முன்பு ஆளுக்கொரு யோசனை சொல்லிச் சொல்லி இரண்டு தடவை ஆல்பம் பாதியில் நின்றுபோனது, இரண்டாவது தடவை ப்ரெடி எட்டு மாதம் பேசவே இல்லை. அதனால் இந்த முறை ஒன்பது பாட்டை மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். யார் பங்கில் வருகிறதோ அவர் கை வைப்பதுதான் கடைசி, மற்ற இருவரும் ஏன் என்று கேட்கக்கூடாது. கடைசிக் கை என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். நான்காம் பாட்டு மங்கையின் பங்கு. யாமினியின் அம்மா ஐம்பத்தாறு நாள் கிடந்து போன அரசு ஆஸ்பத்திரி வார்டைப் பற்றிய பாட்டு. விளக்கணைக்க ஆளில்லாத வார்டில் உன் பேர் எழுதிய அட்டை மட்டும் தூங்கவில்லை என்று வரும். கோப்பு அவளிடமிருந்து காஜாவுக்குப் போனது. காஜா டிரம்ஸ் இல்லையே என்று நினைத்தான், கடைசிக் கை விதி அவனுக்கும் தெரியும், கேட்கவில்லை. ப்ரெடி பாட்டைக் கேட்டான், அவனுக்குப் பிடித்தது, மங்கைக்கா செய்தது என்று விட்டுவிட்டான். யாமினி தான் பாடியதைத் திரும்பக் கேட்கவே மாட்டாள், கேட்டால் அடுத்த பாட்டு வராது என்பாள். மங்கைக்கே வெளியான அன்று காலைதான் தெரிந்தது, கொரட்டூர் பஸ்ஸில், காதில் மாட்டிக்கொண்டு. மூன்றாம் பாட்டு முடிந்தது, நான்காவது ஆரம்பித்தது, கிடார் வந்தது, குரல் வந்தது, அவள் வரவில்லை. இப்போது வருவேன் இப்போது வருவேன் என்று காத்திருந்தாள். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. தன் வீட்டுக் கல்யாணப் போட்டோவில் தன்னைத் தேடுகிற மாதிரி. பிறகு இரண்டு நாள் யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் கத்தவில்லை. அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"வலிக்குதா?" இல்லை என்று தலையை ஆட்ட முடியாது, வாய்க்குள் இரண்டு கை இருக்கிறது. கண்ணால் இல்லை என்றாள். டாக்டர் மெல்லிய ஊசி போன்ற ஒன்றை எடுத்து உள்ளே விட்டுச் சுழற்றினார், வேரைச் சுத்தம் செய்கிறாராம். "உள்ள நல்லா அழுகியிருக்கு மேடம். எத்தன நாளா வலி?" கேட்டுவிட்டு அவரே, "ஆறு மாசம் இருக்குமா? எல்லாரும் கடைசிலதான் வருவாங்க" என்று பதிலும் சொல்லிக்கொண்டார். ஆறு மாசம். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி, ஒரு பக்கம் பீன்ஸ் நறுக்கி வைத்த தட்டு. அதற்கு முந்தின நாள்தான் ஒத்திகையில் யாமினி சொன்னாள், எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டே. "உன் சத்தத்துக்கு மேல நான் பாடணும்னா எனக்கு ரெண்டு தொண்ட வேணும்டி." மங்கையும் சிரித்தாள். ப்ரெடியும் சிரித்தான். வீட்டுக்கு வந்து பல் விளக்கும்போதும் அது இருந்தது. சரி, நீ என்ன பெரிய சுத்தமாகப் பாடுகிறாய், இரண்டாவது சரணத்தில் எப்போதும் சுருதி அரைக்கால் இறங்குகிறாயே, என் டிரம்ஸ்தானே அதை மூடி மூடிக் காப்பாற்றுகிறது என்று தோன்றியது. மறுநாள் காலை அதைப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். தன் சத்தத்தை அணைத்தாள். டிரம்ஸுக்கு எட்டு மைக், எட்டு வரிசை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் சிவப்பாகும், அந்த வரிசை ஊமையாகும். கிக், ஸ்நேர், சிம்பல் என்று ஒவ்வொன்றாக எட்டையும் அழுத்தினாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் குற்றத்தைப் பிடிக்க அறையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது போலத்தான் அது. பாட்டை ஓடவிட்டாள்.

இறங்கவில்லை. இரண்டாவது சரணத்தில் அட்டை என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு இருந்தது, யாரோ கதவுக்கு வெளியே நின்று உள்ளே வரலாமா என்று யோசிக்கிற மாதிரி. அதற்குப் பிறகு குரல் நேராக, நூல் பிடித்தது போல வந்தது. மறுபடி ஓடவிட்டாள். இறங்கவில்லை. மூன்றாவது தடவை ஓடவிட்டபோது தப்பைத் தேடவில்லை, தேடுவது போல உட்கார்ந்திருந்தாள். தெருவில் லாரி லாரி என்று சத்தம் கேட்டது. ஐந்து நாளாகக் குழாயில் சொட்டு இல்லை, மெட்ரோ வாட்டர் லாரி வந்திருந்தது, ஆறு குடம், இரண்டு மாடி, நைட்டியெல்லாம் நனைந்து, எதிர்வீட்டுச் சுலோச்சனா வரிசையில் உள்ளே புகுந்ததற்கு ஒரு சண்டை. திரும்பி வந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பாட்டின் கோப்பை முடித்து காஜாவுக்கு அனுப்பிவிட்டுப் பீன்ஸை அடுப்பில் ஏற்றினாள். இதுதான் நடந்தது. இதில் எங்கே துணிச்சல், எங்கே துறவு. ஆனால் எட்டு சிவப்புப் புள்ளி. திரையில் எட்டு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருக்க, அவள் கண்ணில் அவை படாமலா இருந்திருக்கும்? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் சிக்குகிறது. பார்த்ததாக நினைவில்லை. பார்க்கவில்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. குடம் நினைவிருக்கிறது, குடத்தின் விளிம்பு இடுப்பெலும்பில் அழுத்தியது நினைவிருக்கிறது, சுலோச்சனாவின் ஊதாப் புடவை நினைவிருக்கிறது. அந்த அரை நிமிஷம் மட்டும் இல்லை. அந்த அரை நிமிஷத்தைப் பற்றித்தான் அரங்கநாயகம் ஒரு பத்தி எழுதியிருக்கிறார்.

ரெஜினா குழாயை எடுத்துவிட்டு, துப்பச் சொன்னாள். துப்பியது உதட்டிலேயே தொங்கியது, உதடு எங்கே முடிகிறது என்று தெரியாததால் துடைக்கவும் தெரியவில்லை. ரெஜினாவே டிஷ்யூவால் துடைத்துவிட்டாள். "பாட்டுக் குழுவுல இருக்கீங்களாமே, டாக்டர் சொன்னாரு. பாடுவீங்களா மேடம்?" மங்கை கையால் அடிக்கிற மாதிரி காட்டினாள். "ஓ, தபலாவா? நல்லா வாசிங்க மேடம்" என்றாள் ரெஜினா, மனசாரத்தான். மங்கை மறுபடி சாய்ந்தாள். ப்ரெடி காலையில் அனுப்பிய குரல் செய்தி. அவளைவிட ஆறு வயது சின்னவன், சங்கடமான விஷயம் என்றால் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பான். "மங்கைக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாண்டிச்சேரி விழாக்காரங்க அந்த விமர்சனத்தப் படிச்சுட்டுக் கூப்பிட்டாங்க. டிசம்பர்ல, பெரிய மேடை. ஆனா அவங்களுக்கு அந்த நாலாவது பாட்டு மாதிரிதான் வேணுமாம், முழுசா நாப்பது நிமிஷம், குரலும் கிடாரும். ரெண்டு பேர் போதும்ங்கறாங்க. நீங்கதானே இத ஆரம்பிச்சு வெச்சீங்க, உங்களுக்குப் புரியும்னு யாமினி சொல்லுது. ஆறு மணிக்குள்ள பேர் குடுக்கணும். ஓகேன்னா ரெண்டு பேர்னு அனுப்பிடறேன். அடுத்த ஆல்பமும் இந்தப் பக்கமாவே போலாமான்னு யோசன. நீங்க ஒலி வேலை பாத்துக்கலாம், அத உங்கள மாதிரி யாருக்கும் வராது." எட்டு தடவை கேட்டுவிட்டாள். ஒலி வேலை. வீட்டோடு இருக்கிற பெரியம்மாவைச் சமையலறைப் பொறுப்பு பார்த்துக்கொள்ளச் சொல்கிற மரியாதை. நாற்பத்து மூன்று வயசு, இடது தோள்பட்டையில் வலி, மாடிவீட்டில் டிரம்ஸ் வைக்க முடியாமல் ரப்பர் பட்டையில் பயிற்சி. நீ ஆரம்பித்தது என்கிறார்கள். தன் கழுத்துக்குத் தானே போட்ட மாலை. மறுத்தால் என்ன சொல்லி மறுப்பது. அது தவறு என்று சொன்னால் யாமினிக்குக் கிடைத்த பாராட்டு போகும், அதைவிட அவளுக்குக் கிடைத்ததாக அவள் நினைக்கிற ஒன்று போகும், ஒரு சிநேகிதி தன்னையே எடுத்து வைத்தாள் என்பது. சொல்லாவிட்டால் மங்கை போவாள். யாரும் தள்ளாமல், எல்லாரும் நன்றி சொல்லி, பெரிய மனசு என்று சொல்லி. நன்றி சொல்லி அனுப்பப்படுகிறவர்கள் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. அலுவலகத்தில் சால்வை போட்டு அனுப்புவார்கள், மறுவாரம் அந்த நாற்காலியில் வேறொருத்தர் உட்கார்ந்து பேனா கேட்பார். அந்தப் பாட்டு டிரம்ஸ் இல்லாமல் நன்றாக இருக்கிறதா என்று யாராவது அவளை, மேளக்காரி என்பதை மறந்துவிட்டு, கேட்டால்? இருக்கிறது. அரங்கநாயகம் காரணத்தைத் தப்பாகச் சொல்லியிருக்கிறார், காது தப்பில்லை. அதை ஒப்புக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். கஷ்டம் என்று நினைத்த அதே நேரத்தில் எதுவோ சுரீரென்றது, மரத்துப் போன இடத்துக்கும் அடியில், மிகவும் அடியில். இடது கையைத் தூக்கினாள். "அவ்வளவுதான், அவ்வளவுதான், அது கடைசி நரம்பு" என்றார் டாக்டர்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விட்டார்கள். ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள், பேச்சையும் குறைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி இறங்கி, மருந்துக்கடைப் பலகைக்குக் கீழே நின்று, யாமினியைக் கூப்பிட்டாள். யாமினி ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமையும் உண்டு.

"என்னடி குரல் இது? அழறியா?"

"பல்லு. ஊசி போட்டாங்க."

"அப்ப பேசாத, நாளைக்குப் பேசு. ப்ரெடிக்கு நான் சொல்லிக்கறேன், உனக்கு ஓகேதானே?"

"இல்ல." உதடு ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் அந்தச் சொல்லுக்கு உதடு வேண்டியிருக்கவில்லை. "நாலாவது பாட்டு. நான் எடுக்கல. அணைச்சு வெச்சுக் கேட்டேன். திரும்பப் போட மறந்துட்டேன். லாரி வந்துச்சு."

"என்ன லாரி?"

"தண்ணி லாரி."

"தண்ணி லாரியா!" யாமினி சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் நூலக மின்விசிறி கடகடவென்று ஓடுவது கேட்டது. "அப்ப எனக்காக இல்ல."

"இல்ல."

"அம்மா போட்டோகிட்ட நின்னு சொன்னேன்டி நான். மங்க என்ன பண்ணியிருக்கா பாரும்மான்னு." பிறகு வேறு குரலில் கேட்டாள். "எதுக்கு அணைச்சு வெச்சுக் கேட்ட?"

சும்மா என்று சொல்லியிருக்கலாம். "ரெண்டாவது சரணத்துல நீ இறங்கறேன்னு நெனச்சேன். பிடிக்கணும்னு."

"பிடிச்சியா?"

"மூணு தடவ தேடினேன். கிடைக்கல."

மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து மங்கையின் கோணிய வாயைப் பார்த்துவிட்டு, பரிதாபமாக ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு உள்ளே போனார். அவள் உட்காரவில்லை.

"பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட நீ நல்லாருக்குன்னு சொன்னதில்லடி" என்றாள் யாமினி.

"தெரியும்."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"அந்தப் பாட்டுக்கு நான் வேணாம். அது அப்படியே இருக்கட்டும். மத்த எட்டுக்கும் நான் வேணும். மூணு பேர்னு அனுப்பு."

"அவங்க முடியாதுன்னு சொல்லிட்டா? பாண்டிச்சேரி போயிடும்."

"போகட்டும்."

"உனக்கென்ன, ஈசியா சொல்லிடுவ. என்னப் பத்தி ஒருத்தன் எழுதினது இதான்டி மொத தடவ." கோபமாகத்தான் சொன்னாள். யாரோ புத்தகம் கேட்டு வந்தார்கள் போல, இருங்க சார் என்றாள், ஒரு மேஜை இழுப்பறை திறந்து மூடியது. திரும்பி வந்தபோது கோபம் இருந்தது, கொஞ்சம் இடம் மாறி இருந்தது. "சரி, வை. ப்ரெடிகிட்ட நான் பேசறேன். மூணு பேருன்னே சொல்றேன். நீ பேசாத, இந்த வாயோட நீ பேசினா அவனுக்கு ஒண்ணும் புரியாது." வைக்கச் சொன்னவள் வைக்கவில்லை. "ஏய். நாலாவது பாட்டு வர்றப்போ நீ என்ன பண்ணுவ? மேடைய விட்டு இறங்கிடுவியா?"

"அங்கேயேதான் உக்காந்திருப்பேன்."

"மூணு நிமிஷம் நாப்பது செகண்டு. அத்தன பேர் முன்னாடி. கையக் கட்டிக்கிட்டு."

"ஆமா."

"முடியுமாடி உன்னால?" கேலியாகத்தான் ஆரம்பித்தாள், கேட்டு முடிக்கும்போது கேலி இல்லை.

மங்கை அதை நினைத்துப் பார்த்தாள். பின்னாலிருந்து அவள் பார்ப்பது எப்போதும் யாமினியின் முதுகைத்தான், வியர்வையில் ஒட்டிய ரவிக்கையும் இடது தோளை ஏற்றிக்கொள்கிற பழக்கமும். பதினோரு வருஷமாக அந்த முதுகைப் பார்த்து அடித்திருக்கிறாள், சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை.

"தெரியல" என்றாள். "உக்காந்து பாக்கணும்."